தோல் அட்டைக்குள் ஒரு தேர்தல் பிரசாரம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நார்வாக் நகரில் இயங்கும் ஈஸ்டன் பிரஸ், பழம்பெரும் நூல்களைத் தோலில் கட்டிச் சேகரிப்பாளர்களுக்கு விற்கும் நிறுவனம். அட்டையில் 22 காரட் தங்க முத்திரை, தங்கம் பூசிய தாள் விளிம்பு, உள்ளட்டையில் அலையோடும் பட்டுத் துணி, பக்கத்தை அடையாளம் வைக்க ஒரு பட்டு நாடா, முதுகில் வரிசையாகப் புடைத்து நிற்கும் மேடுகள் ஆகியவை அதன் புத்தகங்களின் அடையாளங்கள். காவியங்களும் நாவல்களும் நிறைந்த அந்த அலமாரியில் 'ஃபெடரலிஸ்ட்' என்ற அரசியல் கட்டுரைத் தொகுப்புக்கும் இடம் உண்டு. இப்படிப்பட்ட பதிப்புகளைப் பார்த்ததும் படிப்பாளிகளுக்கு ஓர் இளக்காரம் பிறக்கிறது. எழுத்து ஒரு பக்கம், அலங்காரம் இன்னொரு பக்கம், வசதி படைத்தவர்களின் வரவேற்பறைக்காகப் பின்னால் ஒட்டவைத்த பகட்டு என்பது அவர்கள் வாதம். மற்ற பல நூல்களுக்கு அது பொருந்தலாம். இந்த நூலின் வரலாற்றைப் பார்த்தால் பொருந்தாது. கட்டும் அட்டையும் தொடக்கத்திலிருந்தே இதன் அரசியலில் பங்கெடுத்தவை. நாளிதழ்த் தாளில் வெளிவந்த ஒரு தேர்தல் பிரசாரத்தை அரசியல் சாத்திரமாக உயர்த்தியதில் எழுதியவர்களுக்கு எவ்வளவு பங்கோ, அதைத் தைத்துக் கட்டி அலமாரியில் ஏற்றியவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு உண்டு.

பிலடெல்ஃபியாவில் கூடிய மாநாடு புதிய அரசியலமைப்பு வரைவில் கையெழுத்திட்டது 1787 செப்டம்பர் 17 அன்று. 13 மாநிலங்களில் 9 ஒப்புக்கொண்டால் அது நடைமுறைக்கு வரும். நியூயார்க்கின் ஆளுநர் ஜார்ஜ் கிளின்டன் எதிர்முகாமைச் சேர்ந்தவர். அவருடைய மாநிலத்தின் வாக்காளர்களை மசியவைக்கத்தான் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் இந்தத் தொடரைத் திட்டமிட்டார். 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் முதல் கட்டுரை அக்டோபர் 27 அன்று 'இண்டிபெண்டன்ட் ஜர்னல்' என்ற நியூயார்க் பத்திரிகையில் வந்தது. உடன் எழுத ஜான் ஜேயும் ஜேம்ஸ் மேடிசனும் சேர்ந்தார்கள். நான்கு கட்டுரை எழுதியதும் ஜே நோயில் படுத்தார். பிறகு அவரால் ஒன்றே ஒன்றுதான் தர முடிந்தது. இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் கணக்கின்படி ஹாமில்டன் 51, மேடிசன் 29, ஜே 5. வாரத்துக்கு நான்கு கட்டுரை வரை வெளிவந்த வேகம் அது. ஒரு கட்டுரையின் முன்பாதியை அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருக்கும்போதே பின்பாதி எழுதப்பட்டதை மேடிசன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒவ்வொன்றும் நியூயார்க் மாநில மக்களை விளித்தே தொடங்கும். உலகத்துக்கோ வருங்காலத்துக்கோ அல்ல, அடுத்த வசந்தத்தில் வாக்களிக்கப்போகிறவர்களுக்கு. எதிர்த்தரப்பு வாசகர்களுக்கு இந்த வெள்ளம் எரிச்சலூட்டியது. தாமஸ் கிரீன்லீஃப் நடத்திய 'நியூயார்க் ஜர்னல்' சில நாள் பப்ளியஸை மறுபிரசுரம் செய்தபோது, காசு கொடுத்து வாங்கும் பத்திரிகையில் மற்ற பத்திரிகைகளில் வந்ததையே திரும்பத் திணிப்பதா என்று சந்தாதாரர்கள் முறையிட்டார்கள். நியூயார்க்குக்கு வெளியே இத்தொடரை விடாமல் வெளியிட்ட பத்திரிகைகள் மிகக் குறைவு.

இதைப் புத்தகமாக்க முன்வந்தவர்கள் ஜே. அண்ட் ஏ. மெக்லீன் என்ற அச்சகத்தார், அதாவது 'இண்டிபெண்டன்ட் ஜர்னல்' அச்சகத்தாரேதான். அந்த வியாபாரம் எப்படி நடந்தது என்பதற்கு ஆர்ச்சிபால்ட் மெக்லீன் 1788 அக்டோபரில் எழுதிய ஒரு கடிதம் சாட்சி. 20 கட்டுரை, மிஞ்சிப்போனால் 25 என்று நம்பி, 500 படிகளை 30 பவுண்டுக்கு அச்சிட்டுத்தர அவர் ஒப்புக்கொண்டிருந்தார். கட்டுரைகள் பெருகிப் பெருகி இரண்டு தொகுதி, அறுநூறு பக்கம் என்று போய் நின்றன. தாள், கூலி, பைண்டிங் எல்லாம் சேர்த்துச் செலவு 220 பவுண்டைத் தாண்டியது. அதில் 144 பவுண்டை ஹாமில்டன் கணக்கில் எழுதினார். மீதி இருந்த சில நூறு படிகள் முழுதும் விற்றாலும் ஐந்து பவுண்டுகூட நிற்காது என்பது அவர் புலம்பல். அந்தப் புலம்பலில் மிகையில்லை. 1799-இல், அதாவது பதினொரு ஆண்டு கழித்து, ஜான் டீபவுட் என்ற நியூயார்க் புத்தக வியாபாரி அதே பழைய ஃபாரங்களுக்குப் புதிய முகப்புத் தாளை ஒட்டிப் புதுப்பதிப்பு போல விற்றார். இன்று ஏலத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போகும் முதற்பதிப்பு, தன் காலத்தில் 500 படி விற்றுத் தீராத சரக்கு.

விற்பனை போகட்டும். புத்தகமாக்கியதில் எழுத்துக்கு என்ன நடந்தது என்பது அதைவிட முக்கியம். முதல் தொகுதி 1788 மார்ச் 22-இல் 36 கட்டுரைகளோடும், இரண்டாவது மே 28-இல் 49 கட்டுரைகளோடும் வந்தன. தொகுக்கும்போது ஹாமில்டன் பத்திரிகை வரிசையைக் கலைத்தார். பத்திரிகையில் 35-ஆவதாக வந்த கட்டுரை புத்தகத்தில் 29 ஆனது. பத்திரிகையின் 31-ஆம் கட்டுரை இரண்டாகப் பிளந்து 32, 33 என்று நின்றது. இன்று எல்லோரும் சொல்லும் '85 கட்டுரைகள்' என்ற எண்ணிக்கையே இந்தப் பிளவினால் வந்ததுதான், பத்திரிகைக் கணக்கில் 84 தான். கடைசி எட்டுக் கட்டுரைகள் முதலில் புத்தகத்தில்தான் வந்தன, அதன் பிறகே பத்திரிகைக்குப் போயின. நீதிமன்றங்களின் அதிகாரத்தைப் பேசும் புகழ்பெற்ற 78-ஆம் கட்டுரை இந்த எட்டில் ஒன்று. பத்திரிகைத் துண்டுகளைப் பின்னால் யாரோ சேர்த்துக் கட்டினார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நூலின் கடைசிப் பகுதி புத்தகத்துக்காகவே எழுதப்பட்டது. முதல் தொகுதியின் முன்னுரையில் ஹாமில்டன் முறைப்பிறழ்வுக்கும் கூறியது கூறலுக்கும் அவசரத்தைக் காரணம் காட்டுகிறார். அவசரத்தை மன்னிக்கச் சொல்பவர் மனத்தில் அவசரமில்லாத ஒரு வாசகன் இருக்கிறான்.

உயர்ரகக் கட்டும் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1788 மே 19-இல் ஹாமில்டன் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில், முதல் தொகுதியில் சாதாரணப் படி 40, உயர்ந்த படி 12 என வர்ஜீனியாவுக்கு, ஆளுநர் எட்மண்ட் ராண்டால்ஃபின் பொறுப்பில் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார். இரண்டாம் தொகுதியும் அதே கணக்கில் பின்னால் வரும் என்கிறார். ஊருக்கு ஒன்று, சம்பந்திக்கு ஒன்று என்று இரண்டு ரகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிப்பது போன்ற ஏற்பாடு. வர்ஜீனியாவின் மாநாடு ஜூன் 2-இல் கூடவிருந்தது. முடிவில் 89-க்கு 79 என்று பத்தே வாக்கு வித்தியாசத்தில் அரசியலமைப்பு தப்பியது. வாக்களித்த 168 பேருக்கு நடுவே 52 படி என்பது சிறிய எண்ணிக்கை அல்ல. பொறுப்பேற்ற ராண்டால்ஃபோ, பிலடெல்ஃபியாவில் கையெழுத்துப் போட மறுத்து, பிறகு மாநாட்டில் ஆதரவுப் பக்கம் வந்தவர். அவரை மாற்றியது நல்ல தாள்தான் என்று வாதிட நான் வரவில்லை, அதற்கு ஆதாரமும் இல்லை. ஆனால் அனுப்பியவர்கள் எதற்காக இரண்டு ரகமாகப் பிரித்தார்கள் என்பது கேட்க வேண்டிய கேள்வி. கட்சித் துண்டறிக்கையை யாரும் இரண்டு ரகமாக அச்சிடுவதில்லை. செல்வாக்குள்ள ஒருவர் கையில் நல்ல தாளில் தொகுதியாகச் சேர்வது, அவருடைய நூலகத்துக்குள் நுழைய விண்ணப்பம் போடுவதற்குச் சமம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். எழுத்தில் சரக்கு இருந்தது, வாசித்தவர்கள் இணங்கினார்கள், அதனால் நூல் நிலைத்தது, அட்டைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மேடிசனின் 10-ஆம் கட்டுரையின் கூர்மையை யாரும் மறுக்க மாட்டார்கள். சரக்கில்லாத எழுத்தைத் தங்கத்தில் பொதிந்தாலும் இருநூறு ஆண்டு தாங்காது. ஆனால் வாசித்தவர்கள் இணங்கினார்கள் என்பதைத் தேர்தல் கணக்கு ஆதரிக்கவில்லை. 1788 வசந்தத்தில் நியூயார்க் தன் மாநாட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தபோது எதிர்த்தரப்புக்கு 46 இடம், பப்ளியஸின் தரப்புக்கு 19. முதல் தொகுதியும் பத்திரிகையில் முதலில் வந்த எல்லாக் கட்டுரைகளும் அதற்குள் வெளியாகியிருந்தன. எந்த மக்களை விளித்து எழுதினார்களோ அந்த மக்களிடம் தோற்றார்கள். ஜூலை 26-இல் 30-க்கு 27 என்று மாநாடு ஒப்புதல் தந்ததற்கு, நியூ ஹாம்ப்ஷயரும் வர்ஜீனியாவும் முன்பே ஒப்புக்கொண்டுவிட்டன, இனி வெளியே நின்றால் தனித்துப்போவோம் என்ற நெருக்கடியே பெருங்காரணம். ஆக, பிரசாரம் என்ற அளவில் சாதித்தது குறைவு, புத்தகம் என்ற அளவில் சாதித்தது மிகுதி. சரக்கு இரண்டிலும் ஒன்றுதான். அது தன் வாசகரைப் பிறகுதான் கண்டடைந்தது.

அந்த வாசகர் யார் என்பதில்தான் கட்டின் வேலை தெரிகிறது. பத்திரிகைத் தாள் படித்த மறுநாள் பொட்டலம் மடிக்கப் போகும். தொகுதியோ கைமாறும், ஓரத்தில் குறிப்பு வாங்கும், சாட்சியாகும். ஹாமில்டனின் மனைவி எலிசபெத் தன் அக்காள் ஏஞ்சலிகா சர்ச்சுக்கு எழுதிக்கொடுத்த ஒரு படி தாமஸ் ஜெஃபர்சனிடம் போய்ச் சேர்ந்தது. எந்தக் கட்டுரை யாருடையது என்று அவர் அதில் குறித்துவைத்தார். 1815-இல் அவர் தன் 6,487 நூல்களை நாடாளுமன்றத்துக்கு 23,950 டாலருக்கு விற்றபோது அதுவும் உடன் போயிற்று. ஹாமில்டன் 1804 ஜூலையில் துப்பாக்கிச் சண்டையில் இறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு, நண்பர் எக்பர்ட் பென்சனின் அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்த ஒரு புத்தகத்தில் ஆசிரியர் பட்டியலைச் செருகிவைத்தார் என்று சொல்லப்படுகிறது. அதில் அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டவை 63. மேடிசன் தன் படியைத் திருத்திக் கொடுக்க, 1818-இல் வாஷிங்டனில் ஜேக்கப் கிடியன் போட்ட பதிப்பு அவற்றில் பலவற்றை மேடிசன் பெயரில் ஏற்றியது. பன்னிரண்டு கட்டுரை பற்றிய அந்த வழக்கு 1964 வரை இழுத்தது. மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் சிறுசிறு சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு மேடிசன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். பெயர் எழுதப்பட்ட படிகளும் ஓரக் குறிப்புகளும் இல்லாவிட்டால் இந்த வழக்குக்கு ஆவணமே கிடைத்திருக்காது.

சட்டம் இன்னும் பெரிய வாசகர். அக்காலத்து வழக்கறிஞர் அறையில் சட்ட அறிக்கைகள் எல்லாம் வெளிர்பழுப்பு ஆட்டுத்தோலிலோ கன்றுத்தோலிலோ கட்டப்பட்டிருக்கும். 'ஃபெடரலிஸ்ட்' அந்த வரிசையில் அதே உடையில் போய் நின்றது. 1798-இலேயே உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவர் கால்டர் வழக்கில் அதை எடுத்துக்காட்டினார். 1821-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அதற்குப் பேரதிகாரம் உண்டென்று தீர்ப்பிலேயே எழுதினார். 1825-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகம், ஜெஃபர்சனும் மேடிசனும் உறுப்பினராயிருந்த குழுவின் தீர்மானப்படி, அதைச் சட்டப் பாடநூலாக்கியது. ஒரு கட்சி மட்டும் பேசிய பிரசாரம் நடுநிலை உரைபோல மேற்கோளானது. நூலில் பப்ளியஸ் ஒருவர், நிகழ்வில் மூவர். அந்த மூவரில் இருவர் ஐந்தே ஆண்டில் எதிரெதிர் அணியானார்கள். 1793-இல் ஹாமில்டன் 'பசிஃபிகஸ்' என்றும், அவருக்கு மறுப்பாக மேடிசன் 'ஹெல்விடியஸ்' என்றும் எழுதினார்கள். 1802-இல் ஜார்ஜ் ஹாப்கின்ஸ் போட்ட பதிப்பு பசிஃபிகஸை மட்டும் சேர்த்துக்கொண்டது. கிடியன் பதிப்பு இரண்டையும் சேர்த்தது. எதைச் சேர்த்துத் தைப்பது என்ற முடிவு பைண்டருடையது போலத் தோன்றினாலும் கட்சிக்காரனுடைய முடிவுதான்.

தைக்கப்படாதவர்கள் கதி என்ன ஆயிற்று என்பது என் வாதத்துக்கு மறுபக்கச் சான்று. எதிர்த்தரப்பில் 'ப்ரூட்டஸ்' என்ற பெயரில் 16 கட்டுரைகள் கிரீன்லீஃபின் பத்திரிகையில் 1787 அக்டோபர் 18 முதல் அடுத்த ஏப்ரல் வரை வந்தன. நீதிமன்றத்துக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்தால் அது யாருக்கும் கட்டுப்படாது என்று அவர் எழுதியதற்குப் பதிலாகத்தான் 78-ஆம் கட்டுரையே பிறந்தது என்று பலர் கருதுகிறார்கள். ஒருவர் கேள்வி கேட்டார், மற்றவர் பதில் சொன்னார், பதில் மட்டும் கெட்டி அட்டைக்குள் போயிற்று. ஒப்புதல் நிறைவேறிய செய்தி நகருக்கு வந்த இரவில் ஒரு கும்பல் கிரீன்லீஃபின் அச்சகத்தை உடைத்து ஈய எழுத்துகளைச் சிதறடித்தது. எதிர்த்தரப்பின் எழுத்துகளில் சிலவற்றைப் பால் லெஸ்டர் ஃபோர்ட் 1888-இலும் 1892-இலும் அக்காலத்துத் துண்டு நூல்களிலிருந்தும் பத்திரிகைக் கட்டுரைகளிலிருந்தும் பொறுக்கி எடுத்துத் தொகுத்தார். முழுத் தொகுப்பு வந்தது 1981-இல், ஹெர்பர்ட் ஸ்டோரிங்கின் உழைப்பில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஏழு தொகுதிகளாக. ஸ்டோரிங் அதைப் பார்க்க உயிரோடில்லை. தோற்றவர்களின் எழுத்து மறைவது எங்கும் உள்ளதுதானே, இதில் பைண்டிங்கின் குற்றம் என்ன என்று கேட்கலாம். பாதி உண்மை. ஆனால் அவர்கள் முழுதாகத் தோற்கவுமில்லை. உரிமைச் சாசனம் வேண்டும் என்று எதிர்த்தரப்பு பிடித்த பிடியின் விளைவாகவே 1791-இல் முதல் பத்துத் திருத்தங்கள் வந்தன. அப்படி ஒரு சாசனம் தேவையில்லை, ஆபத்தும்கூட என்று வாதிடுவது 84-ஆம் கட்டுரை. அமெரிக்கர் இன்று மிகவும் போற்றும் உரிமைகளுக்கு எதிரான வாதம் தங்க விளிம்போடு கிடைக்கிறது. அவற்றை வற்புறுத்தியவர்களின் எழுத்து நூறு ஆண்டுக்கு மேல் பழைய பத்திரிகைக் கட்டுகளில் கிடந்தது.

சேகரிப்புப் பதிப்பு என்ற தனித் தொழில் பிறந்தது இருபதாம் நூற்றாண்டில். ஜார்ஜ் மேசி 1929-இல் தொடங்கிய லிமிடெட் எடிஷன்ஸ் கிளப், 1500 சந்தாதாரர்களுக்கு மாதம் ஒரு நூல் என்று அனுப்பியது. 1945-இல் கார்ல் வான் டோரனின் முன்னுரையோடு 'ஃபெடரலிஸ்ட்' இரண்டு தொகுதிகளாக வந்தது. 1973 முதல் 2000 வரை ஃபிராங்க்லின் லைப்ரரி இதே வழியில் தோல் பதிப்புகளைத் தபாலில் விற்றது. ஈஸ்டன் பிரஸ் இன்றும் விற்கிறது. சந்தா முறை ஒன்றைத் தவிர இவற்றில் 1788-இன் சாயல் எதுவும் இல்லை. மெக்லீனின் நூல் கையடக்கமானது. அந்தக் காலத்தில் நூல் பெரும்பாலும் சாதா அட்டையில் வரும், வேண்டுமானால் வாங்கியவரே தன் பைண்டரிடம் தோலில் கட்டிக்கொள்வார். முதுகிலுள்ள மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பைண்டர்கள் ஃபாரங்களைக் குறுக்குக் கயிறுகளோடு சேர்த்துத் தைப்பார்கள், அந்தக் கயிறு தோலுக்கடியில் புடைத்துத் தெரியும். இயந்திரக் கட்டில் அந்தக் கயிறு போய்விட்டது, மேடு மட்டும் அலங்காரமாக மிஞ்சியிருக்கிறது. விளிம்புத் தங்கமும் ஒருகாலத்தில் தூசி உள்ளே போகாமல் தடுக்க வந்ததே. இந்தப் பதிப்புகள் நினைவூட்டுவது 1788-ஐ அல்ல, அதற்குப் பின் வந்த வழக்கறிஞர் அலமாரியை. நூல் அதிகாரம் பெற்ற இடம் அதுதான் என்பதால் இதை முழுப் பொய்க்கோலம் என்றும் தள்ள மாட்டேன்.

கடைசியாக ஒரு வலுவான மறுப்பு. இந்த நூலை உண்மையில் வாழவைத்தது தோல் அல்ல, கிளின்டன் ரோசிட்டர் 1961-இல் பதிப்பித்த மலிவுப் பதிப்பு. மாணவர்கள் கோடு போட்டுப் படித்தது அதைத்தான். தோல் பதிப்பைப் பிரிப்பவர் அரிது என்பார்கள். படிப்பைப் பொறுத்தவரை நான் இதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரோசிட்டரின் காகித அட்டைக்குள் இருப்பதும் மெக்லீனின் தொகுதியில் உள்ள பாடமே, அவர் எண் வரிசையே. அதே 1961-இல் ஜேக்கப் குக் பத்திரிகைப் பாடத்துக்குத் திரும்பிப் போய் ஓர் ஆய்வுப் பதிப்பு செய்தார். அவரும் எண்களை மட்டும் புத்தகத்திலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. நீதிமன்றமும் வகுப்பறையும் வேறு எண்ணை அறியா. மலிவுப் பதிப்பு கட்டிய நூலுக்கு எதிரி அல்ல, அதன் பிள்ளை. கட்டின் பிடியைத் தளர்த்தியது 1993-இல் லைப்ரரி ஆஃப் அமெரிக்கா வெளியிட்ட இரண்டு தொகுதிகள். துணி அட்டை, தைத்த கட்டு, நாடாவும் உண்டு. பதிப்பாசிரியர் பெர்னார்ட் பெய்லின் இரு தரப்பு எழுத்துகளையும் கடிதங்களையும் உரைகளையும் தேதி வாரியாகக் கலந்து அடுக்கினார். பப்ளியஸின் கட்டுரைகள் அதில் சிதறிக் கிடக்கின்றன, எல்லாமும் இல்லை. அந்தத் தேதி வரிசையில், பப்ளியஸ் வாய் திறப்பதற்கு ஒன்பது நாள் முன்பே ப்ரூட்டஸ் பேசத் தொடங்கிவிடுகிறார்.